கறுப்புத் திரைக்குப் பயந்து ‘போர்மட்’ செய்ய வேண்டாம்: பழைய மடிக்கணினியில் லினக்ஸ் டெஸ்க்டொப்பை மாற்றும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்புக் கிடைக்கும். அதற்குப் பிறகு விண்டோஸ் 11தான். ஆனால், அது எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இல். அதற்கு முந்திய கணினிகள், நன்றாக இயங்கினாலும், வாசலுக்கு வெளியேதான் நிற்கின்றன.

புதிதாக ஒன்றை வாங்குவது எங்கள் நாட்டில் சொல்லும் அளவுக்கு எளிதல்ல. 2022இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. எனவே பலர் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் உபுண்டு. அது நன்றாகவே ஏறுகிறது. ஆனால், 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் தள்ளாடுகிறது. “இலகுவான டெஸ்க்டொப் ஒன்றைப் போடு” என்று யாரோ சொல்கிறார்கள். போட்டதும் மறுநாள் காலை கறுப்புத் திரை.

இந்த இடத்தில்தான் நட்டம் நடக்கிறது. கணினியைக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். கடையில் வன்தட்டை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வேடு, கலியாணப் படங்கள், இறந்துபோனவரின் குரல் பதிவு எல்லாம் அதோடு போய்விடுகின்றன. உண்மையில் டெஸ்க்டொப் பழுதாகும்போது கோப்புகளுக்கு ஒன்றும் நடப்பதில்லை. அவை வன்தட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் காட்டும் படலம் மட்டும்தான் எழும்பவில்லை. அந்தப் படலத்தை எப்படிப் போடுவது, எழும்பாவிட்டால் எங்கே பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டெஸ்க்டொப் என்பது எது?

விண்டோஸில் இயங்குதளமும் திரையில் தெரியும் முகமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. லினக்ஸில் அப்படியில்லை. அடியில் கருனி இருக்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அதைத்தான். அதற்கு மேலே திரையில் படம் வரையும் அடுக்கு. நீண்டகாலமாக அந்த வேலையைச் செய்தது எக்ஸ் என்ற மென்பொருள். இப்போது அந்த இடத்தை வேலேண்ட் என்பது பிடித்துவருகிறது. அதற்கும் மேலேதான் டெஸ்க்டொப் சூழல்: பட்டி, பலகம், சாளரங்களின் விளிம்பு, கோப்பு மேலாளர், அமைப்புகள் பக்கம். இவை எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி அது. தொகுதி என்பதால் ஒன்றைக் கழற்றாமலே இன்னொன்றைப் பக்கத்தில் வைக்கலாம். உள்நுழையும்போது இன்றைக்கு எது வேண்டும் என்று தெரிவுசெய்யலாம்.

ஏன் இத்தனை டெஸ்க்டொப்புகள் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான வரலாறு. ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழக மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிச், 1996 ஒக்டோபர் 14ஆம் திகதி கே.டி.ஈ. திட்டத்தை அறிவித்தார். விண்டோஸ் 10 விடைபெற்றதும் அதே நாளில், 29 ஆண்டுகள் கழித்து. கே.டி.ஈ. பயன்படுத்திய கியூட்டி நூலகம் அன்று முழுச் சுதந்திர மென்பொருளாக இருக்கவில்லை. அதற்கு மாற்றாக 1997இல் மெக்ஸிக்கோவைச் சேர்ந்த மிகுவேல் டி இக்காசாவும் ஃபெடரிக்கோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். 2011இல் க்னோம் 3 பழைய முகத்தை முற்றாக மாற்றியபோது கோபப்பட்டவர்களிடமிருந்து மாட்டே, சினமன் ஆகியவை பிறந்தன. எக்ஸ்.எப்.சி.ஈ. இந்தச் சண்டைகளில் அதிகம் மாட்டாமல், தொண்ணூறுகளிலிருந்து சத்தமில்லாமல் வளர்ந்துவரும் ஒன்று. 2025 டிசெம்பரில் அமெரிக்காவின் சிஸ்டம்76 நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதிய கொஸ்மிக் டெஸ்க்டொப்பின் முதலாவது நிலையான பதிப்பை வெளியிட்டது. புதிது என்பதால் பார்க்க ஆசையாக இருக்கும். வீட்டில் இருக்கும் ஒரேயொரு கணினியில் அதை முதலில் பரிசோதிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய கணினிக்கு எக்ஸ்.எப்.சி.ஈ.யை நான் முதலில் சொல்வேன். க்னோமைவிடக் குறைந்த நினைவகத்தில் எழும்பும். பட்டி விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாக இராது. பத்து ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்ததோ ஏறத்தாழ அப்படியே இன்றும் இருக்கிறது. எல்.எக்ஸ்.கியூ.ரி. இன்னும் மெலிந்தது. கே.டி.ஈ. பிளாஸ்மா அழகானது, பலர் நினைப்பதைவிட இலகுவானது. ஆனால், அமைப்புகள் அதிகம். எதையாவது அழுத்திவிட்டுத் திரும்பிவரத் தெரியாமல் நிற்பவர்கள் அதிலேயே கூடுதல்.

ஒன்றை மட்டும் முன்னரே சொல்லிவிட வேண்டும். டெஸ்க்டொப்பை மாற்றுவதால் மிஞ்சுவது அதிகம் போனால் அரை ஜிபி அளவு நினைவகம். இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் அது அப்படியே போய்விடும். சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடுவது எந்த டெஸ்க்டொப் மாற்றத்தையும்விடப் பெரிய வித்தியாசத்தைத் தரும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். அப்போது டெஸ்க்டொப்பை மாற்றும் தேவையே இல்லாமலும் போகலாம்.

தொடங்கும் முன்

முதலில், நிறுவாமலே பாருங்கள். எக்ஸ்.எப்.சி.ஈ.யோடு வரும் சுபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பையோ தரவிறக்கி ஒரு பென் ட்ரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை எழுப்பலாம். வன்தட்டை அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். அந்தப் பென் ட்ரைவை அழித்துவிடாதீர்கள். பிறகு ஏதாவது பிழைத்தால் உங்கள் கோப்புகளை வெளியே எடுக்கப்போவது அதைக் கொண்டுதான்.

அடுத்தது பிரதி. வீட்டுக் கோப்புறையை வெளிவன்தட்டு ஒன்றில் பிரதிபண்ணி வையுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் மின்ட்டில் உடன் வரும். உபுண்டுவில் தனியாக நிறுவலாம். அது இயங்குதளத்தின் நிலையைப் படமெடுத்ததுபோல் சேமித்துவைக்கும். ஆனால், சாதாரண அமைப்பில் உங்கள் சொந்தக் கோப்புகளை அது சேர்ப்பதில்லை. டைம்ஷிஃப்ட் இருக்கிறது என்று பிரதி எடுக்காமல் விடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவதாக மின்சாரம். பொதிகளை நிறுவும் நடுவில் கணினி அணைந்தால் பாதி நிறுவிய நிலை ஏற்படும். பழைய மடிக்கணினிகளின் பற்றரி பெரும்பாலும் செத்தே இருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்து நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கலாம். குரங்கை நாம் தடுக்க முடியாது. பற்றரி நிற்காத கணினி என்றால் மழையும் இடியும் இல்லாத நேரத்தில் வேலையைத் தொடங்கலாம்.

டேட்டாவும் யோசிக்கவேண்டிய விடயம். முழுத் தொகுதி என்றால் தரவிறக்கம் சில நூறு எம்பிக்கு மேல் போகும். இரவு நேர டேட்டா வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். எவ்வளவு இறங்கப்போகிறது என்பதைத் தொடங்கும் முன்னரே கணினி சொல்லி, சம்மதம் கேட்கும்.

நிறுவுதல்

கீழே வரும் கட்டளைகளை வெளிநாட்டிலிருக்கும் மச்சான் தொலைபேசியில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகத் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும். ‘ரி’ என்பது இருபதாவது எழுத்து, ‘டி’ என்பது நான்காவது. ‘சூடோ’ என்று வரும் இடத்தில் எஸ் யு டி ஓ என்ற நான்கு எழுத்துகள். இதைப் போட்டுத் தொடங்கும் கட்டளை நிருவாகியின் அதிகாரத்துடன் ஓடும்; அதனால் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை வேலைசெய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். தட்டி முடித்து என்டரை அழுத்துங்கள்.

உபுண்டு 24.04ஐ உதாரணமாக எடுப்போம். முனையத்தைத் திறந்து முதலில் ‘சூடோ ஏபிரி அப்டேட்’. ‘ஏபிரி’ என்பது ஏ பி ரி. அப்டேட் வழக்கமான ஆங்கிலச் சொல். இது பொதிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும். அடுத்து இரண்டு வழிகள். ‘சூடோ ஏபிரி இன்ஸ்டோல்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, எக்ஸ் எப் சி ஈ 4 என்று சேர்த்தெழுதினால் டெஸ்க்டொப்பின் எலும்புக்கூடு மட்டும் வரும். அதற்குப் பதிலாகச் சுபுண்டு, கழித்தற்குறி, டெஸ்க்டொப் என்று எழுதினால் சுபுண்டுவின் முழு ஆடையும் வரும்: படங்கள், நிறங்கள், மென்பொருள்கள், உள்நுழைவுத் திரை எல்லாம். சுபுண்டுவின் ஆங்கிலப் பெயர் எக்ஸ் எழுத்தில் தொடங்குகிறது. மற்றவை உபுண்டுவைப் போலவே.

எது நல்லது? இருப்பதைக் குழப்பாமல் பார்க்க வேண்டும் என்றால் முதலாவது. கையால் எதையும் திருத்த விரும்பாதவருக்கு இரண்டாவது. இரண்டாவதில் பட்டியில் இரண்டு கோப்பு மேலாளர், இரண்டு எழுத்துத் திருத்தி, இரண்டு முனையம் என்று எல்லாம் இரட்டை இரட்டையாக வரும். அது பழுதல்ல.

நடுவில் ஒரு வண்ணப் பெட்டி தோன்றி, எந்த உள்நுழைவு மேலாளர் வேண்டும் என்று கேட்கலாம். பலர் பயப்படும் இடம் இது. உள்நுழைவு மேலாளர் என்பது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அந்த முதல் திரை மட்டும்தான். க்னோமோடு வருவது ஜிடிஎம்3, எக்ஸ்.எப்.சி.ஈ.யோடு பெரும்பாலும் வருவது லைட்டிடிஎம். எதைத் தெரிவுசெய்தாலும் இரண்டு டெஸ்க்டொப்புகளுக்குள்ளும் போகலாம். ஏற்கெனவே வேலைசெய்துகொண்டிருப்பதை, அதாவது ஜிடிஎம்3ஐ, வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அம்பு விசையால் தெரிவுசெய்து, டாப் விசையால் ‘ஓகே’க்குப் போய், என்டர்.

முடிந்ததும் கணினியை மீள எழுப்புங்கள். ஜிடிஎம் திரையில் உங்கள் பெயரை அழுத்தியதும் கீழ் வலது மூலையில் பற்சக்கரம் ஒன்று தெரியும். பெயரை அழுத்தும்வரை அது தெரியாது. ‘எனக்கு அந்தச் சக்கரமே இல்லை’ என்பவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டவர்கள். அதில் எக்ஸ்.எப்.சி.ஈ. அமர்வைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லைக் கொடுங்கள். அடுத்த முறை கணினியே அதை நினைவில் வைத்திருக்கும். தானாக உள்நுழையும்படி அமைத்திருந்தால் இந்தத் திரை வராது. ஒருமுறை வெளியேறினால் வரும்.

நான் எப்போதும் சொல்லும் ஒரு வழி உண்டு. புதிய டெஸ்க்டொப்பை உங்கள் சொந்தக் கணக்கில் முதலில் திறக்காதீர்கள். அமைப்புகளில் ‘சோதனை’ என்று இன்னொரு பாவனையாளர் கணக்கை உருவாக்கி, அதனுள் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டெஸ்க்டொப்பும் தன் விருப்பங்களை வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘கொன்பிக்’ என்ற கோப்புறையில் எழுதிவைக்கிறது. அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. ஒரே கணக்கில் க்னோமும் பிளாஸ்மாவும் மாறி மாறி ஓடினால் ஒன்றின் நிறமும் சின்னங்களும் மற்றதில் கலக்கும். தனிக் கணக்கு என்றால் அந்தக் கலப்படம் இல்லை. பழுது பார்க்கும்போதும் இதே கணக்குப் பெரிய உதவி: சோதனைக் கணக்கில் எல்லாம் சரி, உங்கள் கணக்கில் மட்டும் பிழை என்றால், பழுது உங்கள் அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது, இயங்குதளத்தில் அல்ல.

எழும்பாவிட்டால்

முதல் கேள்வி, எந்த இடத்தில் நிற்கிறது என்பது. உள்நுழைவுத் திரைக்கே வரவில்லையா? கடவுச்சொல் கொடுத்ததும் மீண்டும் அதே திரைக்குத் திரும்புகிறதா? உள்ளே போய் வெறும் கறுப்பாகவோ படம் மட்டுமாகவோ நிற்கிறதா? மூன்றும் மூன்று நோய்கள். “லினக்ஸ் வேலைசெய்யவில்லை” என்று சொன்னால் எந்த உதவியாளராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றுக்கும் பொதுவான கதவு ஒன்றிருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எப்என் விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அது வந்தால் உங்கள் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. உள்நுழைந்து எல் எஸ் என்று இரண்டு எழுத்துத் தட்டினால் உங்கள் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வரும். படங்களும் ஆவணங்களும் அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். திரும்பிப் போக எப்1, எப்2, எப்7 என்று மாற்றிப் பாருங்கள்.

கடவுச்சொல் கொடுத்ததும் மீண்டும் அதே திரைக்குத் திரும்பும் சுழற்சிக்கு அதிகம் காணப்படும் காரணம் எளிமையானது: வன்தட்டு நிரம்பிவிட்டது. உள்நுழையும்போது டெஸ்க்டொப் சில சிறிய கோப்புகளை எழுதவேண்டும். எழுத இடமில்லாவிட்டால் விழுந்துவிடும். டி எப், இடைவெளி, கழித்தற்குறி, எச் என்று தட்டினால் ஒவ்வொரு பகுதியும் எத்தனை வீதம் நிறைந்திருக்கிறது என்று தெரியும். வலது ஓரத்தில் தனிச் சாய்கோடு மட்டும் உள்ள வரியைப் பாருங்கள். அதில் 100 வீதம் என்றிருந்தால் ‘சூடோ ஏபிரி க்ளீன்’ என்ற கட்டளை, தரவிறக்கிவைத்த பழைய பொதிகளை அழித்துக் கொஞ்சம் இடம் தரும். உள்ளே போவதற்கு அது பெரும்பாலும் போதும். பெரிய காணொளிகளைப் பிறகு வெளிவன்தட்டுக்கு மாற்றலாம்.

இடம் இருந்தும் சுற்றுகிறது என்றால் வீட்டுக் கோப்புறையில் உள்ள ‘எக்ஸ்ஓதோரிட்டி’ என்ற மறைகோப்பைச் சந்தேகிக்கலாம். வரைகலை மென்பொருள் ஒன்றைச் சூடோவோடு திறந்தால் சில வேளை இந்தக் கோப்பின் உரிமை நிருவாகிக்கு மாறிவிடும். பிறகு உங்கள் கணக்கால் அதைத் திறக்க முடியாது. அழிக்கத் தேவையில்லை; பெயரை மாற்றினால் போதும். பெயர் மாற்றும் கட்டளை எம் வி. அதன் பின் பழைய பெயர், இடைவெளி, புதிய பெயர். இந்தக் கோப்பின் பெயரில் புள்ளிக்கு அடுத்த எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. அடுத்த உள்நுழைவில் கணினி புதிய கோப்பொன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

தமிழில் தட்டுபவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ‘பிழை’ என்கிறது. உள்நுழைவுத் திரையின் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கலாம். நீங்கள் ஆங்கில எழுத்து என்று நினைத்துத் தட்டுவது உள்ளே தமிழாகப் போகிறது. புள்ளிகள் மட்டும் தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது. திரையின் மேல் மூலையில் மொழிச் சுருக்கம் இருக்கும்; அதை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

உள்நுழைவுத் திரையே வரவில்லை, எப்3 கதவு மட்டும் திறக்கிறது என்றால் உள்நுழைவு மேலாளரைப் பாருங்கள். ‘சூடோ’, இடைவெளி, டி பி கே ஜி, கழித்தற்குறி, ரீகொன்பிகர், இடைவெளி, ஜி டி எம் 3. நிறுவும்போது வந்த அதே பெட்டி மீண்டும் வரும். மற்றதைத் தெரிவுசெய்து மீள எழுப்புங்கள். நிறுவும் நடுவில் மின்சாரம் போயிருந்தால் அதற்கு முன் இன்னொரு கட்டளை வேண்டும்: ‘சூடோ’, டி பி கே ஜி, இரட்டைக் கழித்தற்குறியோடு ஒட்டிக் ‘கொன்பிகர்’, இடைவெளி, கழித்தற்குறி, ஏ. பாதியில் நின்ற எல்லாப் பொதிகளையும் இது முடித்துவைக்கும். தொடர்ந்து ‘சூடோ ஏபிரி’, கழித்தற்குறி எப், ‘இன்ஸ்டோல்’. இதற்கு இணையம் தேவைப்படலாம். எழுத்துத் திரையில் வைஃபையை இணைக்க என் எம் ரி யு ஐ என்று தட்டினால் சிறிய பட்டி ஒன்று திறக்கும். அதுவும் சரிவராவிட்டால் அன்ரொய்ட் தொலைபேசியை வயரால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான கணினிகள் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்.

எப்3 கதவும் திறக்கவில்லை, திரை முற்றாக இருண்டுபோயிருக்கிறது என்றால் வரைகலைச் சில்லின் சாரதி மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். என்விடியா சில்லு உள்ள கணினிகளில் இது அதிகம். கணினி எழும்பும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்திருந்தாலோ எஸ்கேப்பைத் தட்டினாலோ குரப் என்ற தொடக்கப் பட்டி வரும். முதல் வரியில் நின்று ஈ விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்ற சொல்லில் தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாக எழுதி எப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். எதையும் நிரந்தரமாக மாற்றாது. மங்கலான, கரடுமுரடான திரை வரும். வந்ததும் உபுண்டுவின் ‘மேலதிகச் சாரதிகள்’ பகுதிக்குப் போய்ப் பரிந்துரைக்கப்பட்டதை நிறுவுங்கள்.

உள்ளே போய்விட்டீர்கள், ஆனால் பலகத்தைக் காணவில்லை என்றால் அமைப்புக் கோப்புதான் காரணம். எப்3 கதவால் போய், ‘கொன்பிக்’ கோப்புறைக்குள் உள்ள எக்ஸ்எப்சிஈ4 என்ற கோப்புறையின் பெயரை எம் வி கட்டளையால் மாற்றுங்கள். அடுத்த முறை எக்ஸ்.எப்.சி.ஈ. புதிதாகப் பிறந்ததுபோல் எழும்பும். உங்கள் ஆவணங்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சாளரங்களுக்கு மேல்விளிம்பு இல்லாமல், மூடவும் நகர்த்தவும் முடியாமல் நின்றால் அது சாளர மேலாளர் விழுந்த அடையாளம். ஆல்ட், எப்2 அழுத்தி, எக்ஸ் எப் டபிள்யூ எம் 4 என்று எழுதி, இடைவெளி, இரட்டைக் கழித்தற்குறியோடு ஒட்டி ‘ரீபிளேஸ்’. உடனே திரும்பிவரும்.

வைஃபைச் சின்னம் இல்லை, பற்றரி அளவு தெரியவில்லை, ஒலிக்கட்டுப்பாடு இல்லை என்பவை எலும்புக்கூட்டை மட்டும் நிறுவியவர்களுக்கு வருபவை. பழுதல்ல, அந்தச் சிறு துண்டுகள் தனித்தனிப் பொதிகளாக இருக்கின்றன. பலகத்தில் வலது சொடுக்குச் செய்து ‘புதியவற்றைச் சேர்’ என்ற பட்டியலில் தேடுங்கள். அதில் இல்லாததை மென்பொருள் மையத்தில் தேடலாம்.

எதுவுமே சரிவரவில்லையா? டைம்ஷிஃப்ட் எடுத்திருந்தால் எழுத்துத் திரையிலிருந்தே ‘சூடோ டைம்ஷிஃப்ட்’, இடைவெளி, இரட்டைக் கழித்தற்குறியோடு ஒட்டி ‘ரிஸ்டோர்’. அதுவும் இல்லை என்றால் தொடக்கத்தில் பத்திரப்படுத்திய பென் ட்ரைவால் கணினியை எழுப்பி, கோப்பு மேலாளரில் உள்வன்தட்டைத் திறந்து, ‘ஹோம்’ கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுவதுமாக வெளிவன்தட்டுக்குப் பிரதிபண்ணுங்கள். நிறுவும்போது வன்தட்டைக் குறியாக்கம் செய்திருந்தால் அன்று கொடுத்த கடவுச்சொல் வேண்டும். அது மறந்துபோனால் எந்தக் கடையாலும் எடுக்க முடியாது. கடைக்குத்தான் போவது என்று முடிவெடுத்தாலும் இந்தப் பிரதி முடிந்த பிறகு போங்கள். கொடுக்கும்போது ‘அழிக்க முன் கேட்கவும்’ என்று எழுதிக் கணினியில் ஒட்டிவிடுங்கள்.

தமிழ்

புதிய டெஸ்க்டொப் நன்றாக எழும்பிய பிறகு எங்கள் ஆட்களுக்கு வரும் முதல் முறைப்பாடு, தமிழில் தட்ட முடியவில்லை என்பது. க்னோமில் விசைப்பலகை மாற்றி டெஸ்க்டொப்போடு பிணைந்திருக்கிறது, எக்ஸ்.எப்.சி.ஈ.யில் அப்படியில்லை. அங்கே ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் தனியாக ஓடவேண்டும். மென்பொருள் மேலாளரில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்த பொதியைத் தேடி நிறுவி, ஐபஸின் விருப்பங்களில் தமிழைத் திறந்தால் பல தெரிவுகள் வரும். தமிழ்99 பழகியவர்களுக்கு அது. அலுவலகங்களில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு ‘எல்கே, ரெங்கநாதன்’ என்று தொடங்கும் தெரிவு. ஆங்கில ஒலிப்பில் எழுதுபவர்களுக்கு ‘பொனெட்டிக்’. கே.டி.ஈ. பிளாஸ்மாவை வேலேண்டில் ஓட்டுபவர்கள் இன்னுமொரு படி செய்யவேண்டும்: அமைப்புகளில் விசைப்பலகைக்குப் போய், ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்பதன் கீழ் ஐபஸ் வேலேண்டைத் தெரிவுசெய்ய வேண்டும். மெய்நிகர் என்ற பெயரைப் பார்த்து, தொடுதிரைக்கானது என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் தமிழ் எழுத்துருப் பொதி இருக்கிறது. நோட்டோ எழுத்துருக்களிலும் தமிழ் உண்டு. பழைய பாமினி ஆவணங்கள் வேறு கதை. அவை யுனிகோட் அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆவணம் அர்த்தமற்ற ஆங்கிலக் குவியலாகத் திறக்கும். கோப்புப் பழுதாகிவிட்டது என்று அதை அழித்துவிடாதீர்கள். பழைய விண்டோஸ் கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து லினக்ஸில் இரட்டைச் சொடுக்குச் செய்தால் நிறுவும் பொத்தான் வரும். லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் தமிழ் திரும்பிவிடும்.

பழையதைக் கழற்றுவது

சில வாரங்கள் புதியதோடு பழகிய பிறகே பழைய டெஸ்க்டொப்பை நீக்குவதைப் பற்றி யோசிக்கலாம். வன்தட்டில் இடம் இருந்தால் நீக்காமலே விடலாம். உள்நுழையாத டெஸ்க்டொப் நினைவகத்தில் பெரிதாக எதையும் பிடிப்பதில்லை. நீக்கத்தான் வேண்டும் என்றால், எவையெவை போகப்போகின்றன என்று கணினி காட்டும் பட்டியலை ‘வை’ அழுத்தும் முன் வாசியுங்கள். அதில் ஜிடிஎம்3 இருந்து, அதுதான் இப்போது உங்கள் உள்நுழைவு மேலாளராகவும் இருந்தால், நிறுத்திவிட்டு முதலில் லைட்டிடிஎம்முக்கு மாறுங்கள். நெட்வேர்க் மேலாளரின் பெயரோ நீங்கள் நாளும் பயன்படுத்தும் மென்பொருளின் பெயரோ பட்டியலில் இருந்தாலும் ‘என்’ அழுத்தி வெளியே வந்துவிடலாம்.